கழுத்து மாறிய பொன்னாடை

உட்காருங்கள், உட்காருங்கள். என் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். இந்தப் பெஞ்சில் நான்கு பேர் உட்கார வேண்டும் என்பது அரசாங்கத்தின் எதிர்பார்ப்பு. இன்று நாம் இரண்டு பேர்தான், தாராளமாக உட்காரலாம்.

பேச வேண்டாம். கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கடைவாய்ப் பல்தானே? பஞ்சைக் கடித்துக்கொண்டே இருங்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். தலையை மட்டும் ஆட்டுங்கள், போதும். முப்பத்து நான்கு வருடம் வகுப்பெடுத்தவனுக்குக் கேட்பவர் வாய் அடைத்திருப்பது பெரிய பாக்கியம்.

நீங்களும் கல்வி அலுவலரைப் பார்க்கத்தானே? காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே கரண்ட் இல்லை. அலுவலர் வந்துவிட்டாரா என்று இங்கே டீ கொண்டுவரும் வேலம்மாளிடம் கேட்டேன். “இங்கனதான் இருக்காவ சார், கரண்ட் வரட்டும்” என்றாள். இங்கன என்றால் எங்கே? கையை விரித்து வராந்தா முழுவதையும் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அரசு அலுவலகத்தில் இடம், காலம் இரண்டுக்கும் துல்லியம் கிடையாது.

என் பேச்சு புத்தகம் வாசிப்பது போல இருக்கிறதோ? என் மனைவி அதைத்தான் சொல்வாள். “நீங்க முற்றுப்புள்ளி வைக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்குது” என்பாள். நல்லதுதானே.

என் பெயர் திரவியம். எட்டாம் வகுப்பு, அறிவியல். இருபத்தேழு வருடமாக ஒரே பள்ளி. இரண்டு தடவை தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். புதுப் பள்ளிக்கூடம் என்றால் நாற்பது புது... அதை விடுங்கள்.

மே மாதம் எனக்கு ஓய்வு. இப்போது பாருங்கள், ஜனவரியில் மெமோ. “மேலதிகாரியைப் பொதுமேடையில் வேண்டுமென்றே அவமதித்தமைக்கு.” ஏழு நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் உடனே இடமாற்றம், மேல்நடவடிக்கை. இன்று ஏழாம் நாள். நான்கு மாதம், சார். நான்கு மாதம் என் எட்டு பி பிள்ளைகளோடு இருந்து பரீட்சை எழுத வைத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

இதோ, வாசித்துப் பாருங்கள். சிவப்பு மையெல்லாம் என்னுடையது. ‘அளிக்க தவறினால்’ என்று ஒற்றில்லாமல் நிற்கிறது பாருங்கள், மூன்றாம் வரியில். மொத்தம் நான்கு பிழை. கையெழுத்து நூல்கண்டு சிக்கின மாதிரி இருக்கிறது. கீழே அச்சில் இருப்பதால் தப்பித்தோம். சிவனணைந்தபெருமாள். பெயர் எவ்வளவு அழகு! அதை மட்டும் நான் தொடவில்லை. என் கைக்கு வந்த தாள் எதுவும் சிவப்பு மை படாமல் போனதில்லை.

சிரிக்காதீர்கள் சார், தையல் பிரிந்துவிடும்.

‘வேண்டுமென்றே’ என்று அவர் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. ஜூலையில் இந்த அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் பதினோரு பிழை. திருத்தித் தபாலில் திருப்பி அனுப்பினேன். நல்லெண்ணத்தில்தான் செய்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் மேடையில் பழிவாங்கினேனாம்.

நடந்தது இதுதான். நவம்பரில் வேறொரு சுற்றறிக்கை: டிசம்பர் மூன்று மாற்றுத்திறனாளிகள் தினம், அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு மூளையைப் பற்றியும் மாற்றுத்திறன் பற்றியும் பாடம் எடுக்க வேண்டும். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “மூளைன்னாலே நீங்கதான் சார்” என்றார்கள். ஒருவரைப் பாராட்டிக்கொண்டே வேலையைத் தலையில் கட்டுவது ஒரு கலை.

சந்தையில் பெரிய காலிஃபிளவர் ஒன்று வாங்கினேன். இரண்டாகப் பிளந்து மேசையில் வைத்து, “இதுதான் மூளை” என்றேன். “எங்க வீட்ல இதை மிளகு போட்டு வறுப்பாங்க சார்” என்று ஒரு குரல். பால்துரை. கடைசி பெஞ்சு, சுவரோரம். திரும்பிப் பார்க்காமலே சொல்வேன்.

என் வகுப்பில் ஒரு முறை உண்டு. ஜூன் முதல் வாரம் ஒரு வரைபடம் போடுவேன், யாருக்கு எந்த இடம் என்று. அப்புறம் வருடம் முடியும் வரை யாரும் இடம் மாறக் கூடாது. மாறினால் ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் படம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கும். மற்ற ஆசிரியர்கள் “எலே, நீ, சிவப்பு ரிப்பன்” என்றெல்லாம் கூப்பிடுவார்கள். நான் முப்பத்தாறு பிள்ளைகளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அப்படி ஒரு ஞாபக சக்தி எனக்கு.

சரி, பாடம். வலது கைக்காரர்களை இடது கையால் எழுத வைத்தேன். கையில் காலுறையை மாட்டிக்கொண்டு சட்டைப் பொத்தான் போடச் சொன்னேன். காதில் பஞ்சை அடைத்துச் சொல்வதெழுதுதல் வைத்தேன். பிறருடைய கஷ்டம் விளங்க வேண்டும் அல்லவா? பால்துரைக்கு வலது கையைவிட இடது கையில் எழுத்து நன்றாக வந்தது. விதிவிலக்கு எங்கும் உண்டு.

அப்புறம் மூளையின் பகுதிகள். பேச்சுக்கு ஓர் இடம், பார்வைக்கு ஓர் இடம். ஓரிடத்தில் கோளாறு என்றால் மற்ற எல்லாம் நன்றாக இருக்கும், அந்த ஒன்று மட்டும் நடக்காது. சுற்றறிக்கையோடு வந்த கையேட்டில் ஒன்று போட்டிருந்தது: காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கம், முகங்களை அடையாளம் காண ஓர் இடம் இருக்கிறதாம். சிலருக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யாதாம். கண் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கூடத் தெரியும். யார் என்று மட்டும் தெரியாது. “பாவம், அப்படிப்பட்டவர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ!” என்று சொல்லி உச்சுக்கொட்டினேன்.

இசக்கியம்மாள் கையைத் தூக்கினாள். முதல் வரிசை, வாசல் பக்கம். இந்தக் கதையில் வில்லி அவள்தான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“எப்படி சார் சமாளிப்பாங்க?”

விளக்கமாகச் சொன்னேன். நடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம், குரலை வைத்து, செருப்புச் சத்தத்தை வைத்து, எந்த இடத்தில் உட்காருகிறார் என்பதை வைத்து. தெரியாத ஆள் வணக்கம் வைத்தால் பொதுவாகச் சிரித்து, “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டால் அவரே ஏதாவது துப்புக் கொடுத்துவிடுவார். கால் மணி நேரம் பேசியிருப்பேன். இதெல்லாம் கையேட்டில் இல்லை, பாருங்கள். பொது அறிவுதான்.

வகுப்பு முழுக்க அமைதி. அப்படி ஓர் அமைதியை எட்டு பி-யில் நான் கேட்டதே இல்லை. பாடம் அவ்வளவு நன்றாக இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

...நன்றி அம்மா. ஓ, டீ அவருக்கா? சரி, சரி. கேட்டீர்களா, “ஐயாவுக்கு ஆற வச்சிக் கொண்டாந்திருக்கேன்” என்கிறாள். எனக்குக் கொடுத்தது கொதிக்கிறது. பல் பிடுங்கியவருக்கு இந்த அலுவலகத்தில் இவ்வளவு மரியாதையா! ஒன்றும் சொல்வதற்கில்லை, மனிதாபிமானம் இன்னும் இருக்கிறது.

எங்கே விட்டேன்? ஆம், திங்கட்கிழமை. உள்ளே போனேன், வரைபடத்தைப் பார்த்தேன், பாடத்தைத் தொடங்கினேன். “ரூபி, வீட்டுப்பாடம் எங்கே?” “பால்துரை, சத்தம் போடாதே.” நாற்பது நிமிடம். மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து போகவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. அவளே எழுந்து சொன்னாள்: அவள் ரூபியின் இடத்தில் இருந்தாள், ரூபி அவள் இடத்தில். மொத்தம் முப்பத்தாறு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்களாம்! ஆசிரியரின் வரைபடத்தை மதிக்காதது எவ்வளவு பெரிய மோசடி? எல்லாருக்கும் அதே சீருடை, பெண் பிள்ளைகளுக்கு அதே ரெட்டைச் சடை, அதே சிவப்பு ரிப்பன். கடவுளே வந்தாலும் வருகைப் பதிவேட்டைக் கேட்பார்.

“எல்லாரும் ஒரு பக்கம் எழுதுங்கள்” என்றேன். எழுதினார்கள்.

ஆனால் அதற்கப்புறம் ஒரு நல்ல மாற்றம். என்னிடம் யார் வந்தாலும் பெயரை முதலில் சொன்னார்கள். “சார், நான் ரூபி, தண்ணி குடிக்கப் போகட்டா?” “சார், நான் பால்துரை, கணக்கு சார் உங்களைக் கூப்பிடுறாங்க.” சந்தையில், கோயிலில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும். தண்டனைக்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஆசிரியர் அறையில் கூடப் பெருமையாகச் சொன்னேன். “எட்டு பி-க்குப் பண்பாடு வந்துவிட்டது.”

அதோ இரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள், பார்த்தீர்களா? வணக்கம், வணக்கம்! வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? இந்த அலுவலகத்தில் எனக்கு இருக்கிற மரியாதை இப்போதுதான் எனக்கே தெரிகிறது. உட்கார்ந்ததிலிருந்து இதோடு ஆறு கும்பிடு.

டிசம்பர் மூன்று வந்தது. ஊரே வந்திருந்தது. இசக்கி மேடையில் பேச வேண்டும். அவளுக்கு வலிப்பு உண்டு, சார். வாசல் பக்கம் இடம் கொடுத்தது அதற்காகத்தான். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் இறைவணக்கத்தில் விழுந்துவிட்டாள். ஆளாளுக்குச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தோம். பைக் சாவி, பீரோ சாவி, ஆய்வகச் சாவிக்கொத்து. நானும் ஒன்று திணித்தேன். கண் விழித்தபோது அவள் கையில் ஏழு சாவி. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே சாவி. இரண்டு வருடம் அந்தப் பெயரோடு வந்து போனாள்.

அன்று மேடையில் நானூறு பேர் முன்னால் நின்று சொன்னாள்: “எனக்கு வலிப்பு வரும். வந்தா சாவி கொடுக்காதீங்க. வாயில எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நின்னுட்டுன்னா பக்கத்துல இருங்க, போதும். என் பேரு இசக்கியம்மாள்.” இறங்கிவிட்டாள். அந்தப் பேச்சை நான்தான்... எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

அடுத்தது பொன்னாடை. கல்வி அலுவலருக்கு நான் போர்த்த வேண்டும். இசக்கி தாம்பாளம் ஏந்திக்கொண்டு பக்கத்தில். மேடைக்கும் நான் வரைபடம் போட்டிருந்தேன்: நடு நாற்காலி, வெள்ளைச் சட்டை, அலுவலர். ஆனால் அந்த மனிதர் நடுவில் கீழே இறங்கிக் காலிஃபிளவர் மூளையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு பிரமுகர் அப்படி இடம் மாறலாமா? அதே நேரம் இன்னொரு வெள்ளைச் சட்டை வந்து நடு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். இசக்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சார், அவிய இல்ல சார்.” “மேடையில் பேசாதே” என்று சொல்லிவிட்டுப் போர்த்தினேன். எல்லாரும் கைதட்டினார்கள். நம் ஊரில் பொன்னாடை விழுந்தால் கைதட்டுவார்கள். எந்தக் கழுத்து என்று யாரும் பார்ப்பதில்லை.

அதோடு விட்டேனா? மைக்கைப் பிடித்து மூன்று நிமிடம் பேசினேன். இந்த மாவட்டத்தின் அறிவுச்சுடர், ஓயாத உழைப்பாளி, இவர் கைகளில்தான் நம் எதிர்காலமே இருக்கிறது என்றேன். அவர் கண்ணில் தண்ணீர். பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ படியேறி வந்து, “கொஞ்சம் நகருங்க” என்றார். “ஐயா, பார்வையாளர்களுக்குக் கீழேதான் இடம்” என்று மைக்கிலேயே சொன்னேன்.

அவர்தான் அலுவலர். நான் போர்த்தியது ஜீப் ஓட்டுநருக்கு. பிளாஸ்க்கை வைக்க வந்தாராம்.

நீங்களே சொல்லுங்கள், என்மேல் என்ன தப்பு? அக்டோபர் கூட்டத்தில் பார்த்தபோது அலுவலருக்குத் தலை நிறைய முடி. அன்று திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். என் மனைவியும் இப்படித்தான். ஒரு கல்யாண வீட்டில் பச்சைப் புடவையில் இருந்தாள். “வா, பந்தி முடியப்போகிறது” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அது மாப்பிள்ளையின் அம்மா. கல்யாண வீட்டில் எல்லாரும் பச்சை கட்டினால் ஒருவன் என்ன செய்வான்? அன்றிலிருந்து வெளியே போனால் அவள் மல்லிகையோடு ஒரு மஞ்சள் செவ்வந்தி வைத்துக்கொள்கிறாள். அவளுக்குப் பிடிக்குமாம்.

அந்த ஜீப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பாருங்கள். இவ்வளவு நேரமும் என்னையே பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். நான் ஏதோ பெரிய உபகாரம் செய்த மாதிரி. இருக்கையில் ஜரிகைத் துண்டு விரித்து வைத்திருக்கிறார், பாருங்கள், கல்யாண ஜீப் போல. பழைய மாணவராக இருக்கும். வணக்கம் தம்பி!

சரி, விளக்கத்துக்கு வருகிறேன். நான்கு பக்கம். இதோ, பிடியுங்கள். மேடை ஒழுங்கு என்பது என்ன, அதை மீறியவர் யார், மொட்டை போட்டால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய கடமை யாருடையது. தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. என்ன, தலையை இப்படி ஆட்டுகிறீர்கள்? இதைக் கொடுத்தால் இடமாற்றம் உறுதி என்கிறீர்களா?

இசக்கியும் அதைத்தான் சொன்னாள்.

நேற்று சாயங்காலம் வந்தாள். “சார், நான் இசக்கி.” கையில் ஒரு தாள். எட்டு பி மொத்தமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பால்துரை இரண்டு கையாலும் போட்டிருக்கிறான். என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? எங்கள் சாருக்கு முகம் அடையாளம் தெரியாது. அவர் வேணும்னு செய்யலை. அவர் எடுத்த பாடத்திலேயே அது இருக்கு. நாங்கள் இடம் மாறி உட்கார்ந்து சோதித்துப் பார்த்தோம். அதற்கப்புறம் அவருக்குக் கஷ்டம் வரக் கூடாது என்று பேரைச் சொல்லிப் பேசுகிறோம். மேடையில் பெரிய ஆளுங்க யாரும் பேரைச் சொல்லலை. அதனால் சாரை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாத்த வேண்டாம். அங்கே உள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது.

எனக்கு வந்த கோபம்! நான் பாடம் எடுப்பவன். எனக்கே குறை கண்டுபிடிக்கிறாயா என்றேன். ஊர் சிரிக்காதா? ஆபீசில் ஃபைல் போட்டு எழுதி வைத்துவிட மாட்டார்களா?

“மாற்றுத்திறன்ல வெக்கப்பட ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னிய.”

“அது பொதுவாகச் சொன்னது.”

“நான் நானூறு பேர் முன்னால சொன்னேன் சார். நீங்க ஒருத்தர்கிட்ட, அதுவும் பேப்பர்ல.”

போய்விட்டாள். வாசல் வரை போய்த் திரும்பி, “நாளைக்கு நீல சட்டை போட்டுட்டுப் போங்க சார், அதுதான் நல்லாருக்கு” என்றாள். போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை, சலவையிலிருந்து வந்திருந்தது இது ஒன்றுதான்.

அந்தத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். எப்படியோ பைக்குள் வந்திருக்கிறது. கொடுக்கப்போவதில்லை. அறுபது வயதில் ஒரு மனிதன் போய், ஐயா, எனக்கு முகங்கள்... அதெல்லாம் முடியாது, சார். அந்தக் கையேட்டை எழுதியவர் யாரோ, அவரைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் எனக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. கண்ணாடிக் கடையில் நிறைய முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருக்குமே, அங்கே ஒரு தடவை எதிரில் வந்த ஆளுக்கு வழி விட்டு ஒதுங்கினேன். அவரும் ஒதுங்கினார். பல நாள் யோசித்திருக்கிறேன் அதை.

ஆ, மின்விசிறிச் சத்தம். கரண்ட் வந்துவிட்டது. “ஐயா, உள்ள வரலாம்” என்று வேலம்மாள் உங்களைத்தான் முதலில் கூப்பிடுகிறாள். போங்கள், போங்கள். நான் முன்னால் வந்தவன்தான், பரவாயில்லை, பல் வலிக்காரருக்கு முன்னுரிமை. அந்தக் கதவு இல்லை சார், அது அலுவலர் அறை. பார்வையாளர்களுக்கு...

ஏன் நின்றுவிட்டீர்கள்? ஐயையோ, பஞ்சை எடுக்காதீர்கள், ரத்தம் வரும். என்ன அப்படி அவசரமாகச் சொல்ல வேண்டும்? சொல்லுங்கள்.

மறுபடி சொல்லுங்கள்.

“சார், நான் சிவனணைந்தபெருமாள். கல்வி அலுவலர்.”

...

எட்டு பி-யில் இப்படித்தான் சொல்வார்கள், ஐயா.

வணக்கம் ஐயா. நான் திரவியம். இல்லை, அது தெரியும் உங்களுக்கு. உங்கள் கையில் இருக்கிற அந்த நான்கு பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். மெமோவையும். அந்தச் சிவப்பு மையை மன்னித்துவிடுங்கள், பழக்கம். இதைப் பிடியுங்கள். ஒரு பக்கம்தான். கீழே முப்பத்தாறு கையெழுத்து. முப்பத்தேழு, பால்துரையின் இன்னொரு கையையும் சேர்த்தால்.

பிழைகள் இருக்கும், ஐயா. நான் திருத்தவில்லை.